மூன்றாவது முறை கூப்பிட வேண்டியவர்

என்னிடம் இருந்த ஆங்கில அகராதிக்கு முதல் மூன்று எழுத்துகள் கிடையாது. 'டி'யில்தான் தொடங்கும். புனேயில் கிர்க்கி கடைத்தெருவில் பழைய பேப்பர் வாங்குகிறவரிடமிருந்து நைனா அதை எடைக்கு வாங்கி வந்தார். ராணுவக் குடியிருப்பில் இருந்த ஏதோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது போட்டுவிட்டுப் போனதாம். அட்டை கிழிந்து, முதுகு பிரிந்து, ஈர வாசத்தோடு இருந்த அந்தப் புத்தகத்தை சாமி படத்தை ஏந்தி வருவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். ஆகவே ஏ, பி, சி மூன்றிலும் தொடங்கும் ஆங்கிலம் எனக்கு இன்றுவரை கொஞ்சம் தகராறுதான். 'எஸ்'ஸுக்குக் குறைவில்லை. நான் செய்த பெரிய தப்பு அந்த எழுத்தில்தான் ஆரம்பித்தது.

ஐம்பதுகளின் கடைசி. நான் ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூட விழாவில் ஆங்கிலப் பாட்டு ஒப்பிக்க என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் வேறொருத்திக்கு மாற்றிவிட்டார்கள். அவள் உச்சரிப்பு சுத்தமாம். நான் கடைசி பெஞ்சில் போய் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். மத்தியானம் டப்பாவைத் திறக்கவில்லை. பக்கத்து வரிசையில் இருந்த மராத்திப் பெண், "ருஸ்லி, ருஸ்லி" என்று சிரித்தாள். கோவித்துக்கொண்டாளாம். அவளாவது எழுந்து வந்து ஒரு வார்த்தை கூப்பிடுவாள் என்று பார்த்தேன். அதற்குள் டீச்சர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்: அவளை விடுங்கள், அவள் ஸல்க் பண்ணுகிறாள், தானாக வருவாள்.

யாரும் வரவில்லை. மணி அடித்தது. கணக்குப் பாடம் வந்தது, போனது. பசி தாங்காமல் நானே டப்பாவைத் திறந்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டேன். எனக்கு அது பெரிய அவமானம். கோவித்துக்கொண்டவள் தானே எழுந்து வந்து சாப்பிடுவதா? எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கமே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லை அகராதியில் தேடினேன். பேசாமல், உர்ரென்று, யாரோடும் சேராமல் இருப்பது என்று போட்டிருந்தது. எங்கிருந்து வந்த சொல் என்பது உறுதியாகத் தெரியாதாம். பழைய ஆங்கிலத்தில் சோர்ந்து கிடப்பது, தளர்ந்துபோவது என்ற பொருளில் ஒரு சொல் இருந்ததாம். அதிலிருந்து வந்திருக்கலாம் என்று சந்தேகத்தோடு எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே ஒரு சின்னப் படம். இரண்டு சக்கரம், ஒரு குதிரை, ஒரே ஒரு ஆள் உட்காரும் வண்டி. அந்த வண்டிக்கும் கிட்டத்தட்ட அதே பெயர்தான். ஒருத்தருக்குமேல் இடமில்லாததால் கோவித்துக்கொண்டு போகிறவனின் வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்களாம்.

படத்தை நைனாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கோவிச்சிக்கினு போறவனுக்கு ஒரு வண்டியே கட்டி வெச்சிருக்கறானுங்களா?" என்றார். "அப்புறம் எவன் திரும்பி வருவான்?"

புனேயில் ஓடிய டாங்கா குதிரைவண்டியில் முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் முதுகோடு முதுகாக உட்காருவார்கள். வண்டிக்காரன் மனசு வைத்தால் ஆறு பேர். அதில் கோவித்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது. பக்கத்தில் இருக்கிறவர் எந்த ஊர், எந்தத் தொழிற்சாலை, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுவிடுவார்.

எங்கள் வீட்டில் கோவித்துக்கொள்வதற்கு ஒரு முறை இருந்தது. யார் ஏற்படுத்தியது என்று தெரியாது. நைனா வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கிர்க்கி ஆயுதத் தொழிற்சாலையில் சேர்ந்து, போபோடியில் வரிசை வீடு ஒன்றில் குடித்தனம் போட்டபோது கூடவே வந்ததாக இருக்கும். வீடென்றால் ஓர் அறை, ஒரு சமையல் மூலை. அறையில் ஒரே ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே ஒரு மரப்பெட்டி. தொழிற்சாலையில் குண்டுகள் அடுக்கி வந்து காலியான பெட்டிகளை விற்றுவிடுவார்கள். எங்கள் தெருவில் மேஜை, நாற்காலி, மாவு டப்பா வைக்கும் பலகை எல்லாம் அதுதான். எங்கள் பெட்டியில் வெள்ளைப் பெயிண்டில் என்னவோ எண்கள் போட்டிருக்கும். கோபம் வந்தவர் அதன்மேல் ஏறி, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார வேண்டும். அவ்வளவுதான், வீட்டுக்கே விஷயம் தெரிந்துவிடும்.

அப்புறம் மூன்று முறை கூப்பிடுவார்கள். முதலில் வீட்டில் சின்னவர் போய்ச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். "நான் சாப்ட்டேன்" என்று சொல்ல வேண்டும். சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அம்மா போவாள். அதற்கும் "நான் சாப்ட்டேன்"தான். மூன்றாவதாக, யாரால் கோபம் வந்ததோ அவரே போக வேண்டும். மன்னிப்பெல்லாம் கேட்கத் தேவையில்லை. "எழுந்து வா, ஆறிப்போவுது" என்று சொன்னால் போதும். அதற்குமேல் உட்கார்ந்திருக்கக் கூடாது. எழுந்து வந்து சாப்பிட்ட பிறகு அந்தச் சண்டையைப் பற்றி யாரும் வாயெடுக்கக் கூடாது. இரண்டாவது கூப்பிடலுக்கே எழுந்துவிட்டால் மானம் போனது. மூன்றாவதற்கும் எழாவிட்டால் குடும்பமே போனது. அதனால் எல்லோரும் சரியாக மூன்றாவதற்கு எழுந்துவிடுவோம்.

இதில் அண்ணனை மிஞ்ச ஆளில்லை. என்னைவிட ஆறு வயது பெரியவன். பெட்டியில் அவன் உட்கார்ந்தால் அதற்கே ஒரு களை வந்துவிடும். முதுகை நேராக்கி, இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு, சுவரில் ஒரே இடத்தைப் பார்ப்பான். நான் கூப்பிடப் போனால் காதோரம் சிரிப்பு துடிக்கும். திரும்பிப் பார்க்க மாட்டான். "இன்னா குழம்பு?" என்று மட்டும் உதடு அசையாமல் கேட்பான். காய்ந்த போம்பில் மீனைப் போட்டு அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பு என்றால், "சீக்கிரம் அம்மாவ அனுப்பு" என்பான்.

நைனாதான் எப்போதும் மூன்றாவது ஆள். ஏனென்றால் அண்ணன் எப்போதும் நைனாவிடம்தான் கோவித்துக்கொள்வான். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதில் பாதி அந்த ஒரே வாக்கியமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அறுபத்திரண்டில் அண்ணனுக்கு இருபத்துமூன்று வயது. ஐ.டி.ஐ. முடித்து, லேத் வேலை நன்றாகத் தெரியும். தொழிற்சாலையில் தொழிலாளிகளின் பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று தெரிந்து நைனா போர்மேனிடம் சொல்லி வைத்தார். தேர்வுக்கு நாளும் குறித்தாயிற்று. அண்ணன் அன்றைக்குப் போகவில்லை. போசரிப் பக்கம் அப்போதுதான் பட்டறைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. அவன் அங்கே போய் ஒரு தனியார் பட்டறையில் சேர்ந்துவிட்டு, சட்டையெல்லாம் எண்ணெயோடு வீட்டுக்கு வந்தான். விசாரிக்க வந்த போர்மேன் அந்த நேரம் எங்கள் பெட்டியின்மேல் உட்கார்ந்து சாய் குடித்துக்கொண்டிருந்தார்.

நைனா அதிகம் பேசாதவர். பேசாதவர்கள் பேசினால் அளவு தெரியாமல் பேசிவிடுகிறார்கள்.

"இவன் என் புள்ளன்னு இனிமே வெளியில சொல்லிக்க மாட்டேன்" என்றார், போர்மேனைப் பார்த்து.

அண்ணன் பெட்டியைப் பார்த்தான். அதில் போர்மேன் உட்கார்ந்திருந்தார். உட்கார இடமில்லாத மாதிரி ஒரு நிமிஷம் நின்றான். பிறகு படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஆற்றைத் தாண்டி தாபோடியில், கூட வேலை செய்கிறவன் காட்டிய ஓர் அறையில் தங்கிவிட்டான் என்று மறுநாள் தெரிந்தது.

அம்மா பயப்படவில்லை. ஆணியில் தொங்கிய அவன் சவரக் கண்ணாடியை எனக்குக் காட்டினாள். "இத வுட்டுட்டுப் போயிருக்கறான் பாரு. நெசமா போறவன் இத வுட்டுட்டுப் போவானா? பெட்டியில உக்காரறதுக்குப் பதிலா தாபோடியில போய் உக்காந்துகினு இருக்கறான்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக நான் போனேன். டப்பா நிறையக் கருவாட்டுக் குழம்பும் சோறும். பாலத்தில் நடந்து போகும்போது ரயில் ஒன்று பக்கத்துப் பாலத்தில் போனது. எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. கோவித்துக்கொண்டவனைக் கூப்பிட இவ்வளவு தூரம் நடந்தது அதுதான் முதல் தடவை.

அறை வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

"அண்ணா, சாப்புட வா."

"நான் சாப்ட்டேன்" என்றான். டப்பாவின் மூடியைப் பார்த்துவிட்டு, "இன்னா குழம்பு?" என்றான்.

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டான். டப்பாவைத் தொடவில்லை. சட்டம் சட்டம்தானே. நான் அப்படியே திருப்பி எடுத்து வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அம்மா போனாள். திரும்பி வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எளைச்சிட்டிருக்கறான். வந்துருவான், மூணாவதுக்குத்தான் உக்காந்துகினு இருக்கறான்" என்று சொன்னாள். நைனா காதில் விழும்படிதான் சொன்னாள்.

நைனாவுக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். முட்டி வலியும் உண்டு. தரையில் உட்கார்ந்தால் எழ இரண்டு பேர் வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நான்காவது ஞாயிற்றுக்கிழமை காலையில் முகம் சவரம் செய்துகொண்டார். அதுவும் அண்ணனின் கண்ணாடியில். கோயிலுக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். அம்மா டப்பாவைக் கழுவினாள். முந்தின நாளே மீன் வாங்கி வைத்திருந்தாள் போல.

நான் ஜன்னலுக்குக் கீழே பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தேன். மெட்ரிக் பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது.

இதைச் சொல்லாமல் போக முடியாது. அந்த அறையில் வெளிச்சம் வரும் இடம் அது ஒன்றுதான். காலையில் ஜன்னல், சாயங்காலம் அதற்கு மேலே தொங்கிய பல்பு. அண்ணன் இருந்த காலத்தில் அது அவன் இடம். அவன் அங்கேதான் சவரம் செய்வான், படம் வரைவான், கோவித்துக்கொள்வான். நான் சமையல் மூலையில் அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தவள். அவன் போன பிறகு முதல் நாள் சும்மா ஏறி உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் புத்தகங்களை அடுக்கினேன். ஒரு வாரத்தில் அது என் மேஜை ஆகிவிட்டது. மெட்ரிக் தேறாவிட்டால் எனக்கு அடுத்தது கல்யாணம்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணன் திரும்பி வந்தால் நான் மறுபடியும் புகைக்குப் போக வேண்டும். அதைத்தான் அன்று காலையில் நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன்மேல் எனக்கு அன்பு இல்லாமல் இல்லை. ஒரு மாதம் கழித்து வரட்டுமே என்று நினைத்தேன். ஒரே ஒரு மாதம்.

நைனா ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டார். மற்றதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"போகாதீங்க நைனா" என்றேன். "நீங்களாப் போய்க் கூப்பிட்டா அப்புறம் எதுக்கெடுத்தாலும் இப்படித்தான் செய்வான். இங்கிலீஷ்காரங்க இப்படிப் போய்க் கூப்பிடவே மாட்டாங்களாம். விட்டுட்டா தானா வருவாங்களாம். எங்க டீச்சரே சொன்னாங்க. அந்த வார்த்தைக்கு அகராதியில படம்கூட இருந்துச்சே."

நைனா நான்காவது வரைக்கும் படித்தவர். தொழிற்சாலை ஒட்டும் நோட்டீஸையெல்லாம் நான்தான் அவருக்குப் படித்துச் சொல்வேன். நான் ஆங்கிலத்தில் ஒன்று சொன்னால் அவருக்கு அதற்கு அப்பீல் இல்லை.

"கூப்புடாம வுட்டா, தானா வந்துருவாங்களா?" என்று கேட்டார்.

"வந்துருவாங்க நைனா. நானே ஒருவாட்டி ஸ்கூல்ல வந்தேன்."

மாட்டியிருந்த செருப்பைக் கழற்றினார். சட்டையைக் கழற்றி ஆணியில் போட்டார். அம்மா டப்பாவும் கையுமாகச் சமையல் மூலையில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். டப்பாவைத் திறந்து குழம்பைத் திரும்பச் சட்டியில் ஊற்றினாள்.

மெட்ரிக் தேறிவிட்டேன். நல்ல மார்க். பரீட்சை முடிந்த அன்றே பெட்டியைக் காலி செய்து, துடைத்து வைத்தேன். இனி அவன் வரலாம் என்று நினைத்துக்கொண்டேன். அவன் வரவில்லை.

நாள் ஆக ஆக நைனாவுக்குப் போகக் கூச்சமாகிவிட்டது. இரண்டு வாரத் தாமதத்தை ஒரு சாயில் சரிசெய்துவிடலாம். நான்கு மாதத் தாமதத்துக்கு என்ன காரணம் சொல்வது? அவர் தொழிற்சாலையின் போங்காச் சங்கு ஊதினால் போவார், ஊதினால் வருவார். வழியில் பாலம் போகும் சாலை திரும்பும் இடத்தில் நடை கொஞ்சம் மெதுவாகும் என்று கூட வருகிறவர்கள் சொன்னார்கள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் ரயில்வே கேட் அருகே அண்ணனைப் பார்த்தேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட் திறக்கக் காத்திருந்தான். என்னைப் பார்த்ததும் மெட்ரிக் மார்க்கைக் கேட்டான், முதுகில் தட்டினான். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"நைனாவுக்கு முட்டி வலி எப்டி கீது?"

"அப்படியேதான் இருக்குது."

"ஞாயித்துக்கெழமைல வூட்டுலதான் இருக்கறாரா?"

"ஆமா" என்றேன்.

அவன் எதைக் கேட்கிறான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போய் நைனாவிடம் இந்த இரண்டு கேள்வியையும் சொல்லியிருந்தால் போதும். அவர் அந்த நிமிஷமே கிளம்பியிருப்பார். சொன்னால், முதலில் அவரை நிறுத்தியது தப்பு என்று ஒப்புக்கொண்டது போலாகும். நான் அப்போது காலேஜில் சேர்ந்திருந்தேன். தப்பை ஒப்புக்கொள்கிற வயது இல்லை அது. சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பட்டறை முதலாளி நாக்பூரில் புதிதாக ஒன்று போட்டார். அண்ணனை அங்கே அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு ஒரு தபால் அட்டை வந்தது. அறையில் ஒன்றிரண்டு சாமான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தான். நான் போனேன்.

வீட்டுக்கார அம்மாள் மராத்திக்காரர். ஒரு பக்கெட், ஒரு ஸ்டவ், ஒரு மடக்கு நாற்காலி, இவ்வளவுதான் சாமான். இரும்புச் சட்டத்தில் மரப்பலகை வைத்த நாற்காலி. புத்தம் புதிதாக இருந்தது.

"இதில் யாரையும் உட்கார விடமாட்டான்" என்றார் அந்த அம்மாள். "அப்பாவுக்கு முட்டி வலி, தரையில் உட்கார முடியாது என்று வாங்கினான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிரித்து வாசல் பக்கம் போடுவான். எங்கேயும் போகமாட்டான். இருட்டினதும் மடக்கி உள்ளே வைத்துவிடுவான்." பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, "ருஸ்லா ஹோத்தா பாப்டா" என்றார். பாவம், கோவித்துக்கொண்டிருந்தான் என்று.

அன்றைக்கு நான் டாங்காவில் வந்தேன். மழை தூறியதால் வேறு யாரும் ஏறவில்லை. நான் ஒருத்திதான். மடியில் நாற்காலி. பாலம் முழுக்க அழுதுகொண்டே வந்தேன். வண்டிக்காரன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குதிரையிடம் என்னவோ சொன்னான். எந்த ஊர், எத்தனை பேர் என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்களா என்று இருந்தது.

நைனா நாற்காலியைப் பார்த்து, "ஏது?" என்றார்.

"அண்ணன் உங்களுக்குன்னு வாங்கி வெச்சிருந்தானாம்."

அவர் அதைப் பிரித்து வாசல் பக்கம் போட்டு உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார். "ஒசரம் சரியா கீது" என்றார். அன்றிலிருந்து வேலை விட்டு வந்தால் அதில்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில்தான். தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்பார். மரப்பெட்டியில் யாரும் உட்காருவதே இல்லாமல் போயிற்று. அம்மா அதன்மேல் அரிசிச் சாக்கை வைத்துவிட்டாள்.

நாக்பூரிலிருந்து அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதம் வரும். எல்லோருக்கும் வணக்கம் என்று முடியும். அந்த எல்லோரில் நைனா இருக்கிறாரா என்று அவர் இரண்டு தடவை படிக்கச் சொல்வார். அண்ணன் அங்கேயே ஒரு தமிழ்க் குடும்பத்தில் பெண் பார்த்து, சின்னதாகக் கல்யாணம் செய்துகொண்டான். அம்மா மட்டும் போய்வந்தாள். நைனா ஓர் இன்லேண்ட் வாங்கி வந்து, பேனாவை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார். 'எழுந்து வா' என்று கடிதத்தில் எப்படி எழுதுவது? அதைக் குரலில்தானே சொல்ல வேண்டும். வெறும் இன்லேண்டை மடித்து அகராதிக்குள் வைத்துவிட்டார்.

அப்போதுதான் என்னிடம் ஒன்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அந்த இங்கிலீஷ்காரங்க, வுட்டா தானா வருவாங்கன்னு சொன்னியே. எத்தினி வருசத்துல வருவாங்கன்னு அதுல எதுனா போட்டுருக்குதா?"

நான் அகராதியை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, தேடுவது போலப் பார்த்தேன். ஒற்றை ஆள் வண்டி அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

"போடல நைனா" என்றேன்.

"சரி" என்றார்.

அறுபத்தெட்டில் எனக்குக் கல்யாணம். கிர்க்கியில் ஒரு சின்ன மண்டபம். அண்ணன் வருவானா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தான். அண்ணியும் இடுப்பில் ஒரு குழந்தையும். முறைப்படி செய்ய வேண்டியதையெல்லாம் செய்தான். நைனாவுக்கு நமஸ்காரமும் செய்தான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தாலி கட்டியானதும், பந்தி போடுகிற சத்தம் கேட்டதும், அவன் மண்டபத்தின் பின்பக்கம் போய், சுவரோரமாகக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். முதுகை நேராக்கிக்கொண்டு, இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு.

வீட்டில் சின்னவள் நான்தான். கழுத்தில் மாலையோடு எழுந்தேன். மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நேராக அவனிடம் போனேன்.

"அண்ணா, சாப்புட வா."

திரும்பவில்லை. "நான் சாப்ட்டேன்" என்றான். காதோரம் துடித்தது. இந்தத் தடவை அது சிரிப்பு இல்லை.

அடுத்து அம்மா போனாள். "நான் சாப்ட்டேன்" என்றான்.

நைனா மடக்கு நாற்காலியை மண்டபத்துக்கே கொண்டுவந்து அதில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார். கைத்தடி இல்லாமல், ஒரு காலை இழுத்துக்கொண்டு, அந்த மண்டபத்தின் நீளம் முழுக்க நடந்தார். யாரோ பிடிக்க வந்தார்கள், கையை உதறினார். அண்ணன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். மூச்சு வாங்கியது.

"எழுந்து வா. ஆறிப்போவுது."

அண்ணன் எழுந்தான். ஆறு வருஷம் ஆகியிருந்தது. பேசக் கூடாது என்ற சட்டம் அவனுக்கும் தெரியும். இருந்தாலும் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுவிட்டான்.

"ஏன் நைனா இவ்ளோ நாளு? நான் பாத்துகினே இருந்தேன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன். என் கல்யாணத்தன்றே சொல்லட்டும், அதுதான் சரி. நைனா என் பக்கம் திரும்பவே இல்லை.

"முட்டி வலிடா" என்றார். "பாலம் தாண்ட முடியல."

அந்த ஆறு வருஷமும் தொழிற்சாலைக்கு நடந்தே போய் வந்தவர் அவர். அண்ணன் நம்பிவிட்டான். "சொல்லி அனுப்பியிருந்தா நானே டாங்கா வெச்சி வந்திருப்பேனே" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் பந்தியில் போய் உட்கார்ந்தார்கள். நைனாவுக்காக நாற்காலியையும் ஒரு மேஜையையும் இழுத்துப் போட்டான் அண்ணன். அவர் இலையில் எதெது வைக்க வேண்டும் என்று பரிமாறுகிறவரை விரட்டிக்கொண்டிருந்தான்.

நான் அங்கே நிற்க முடியாமல் மணப்பெண் அறைக்குள் போனேன். துணிமணி வைத்த டிரங்குப் பெட்டியின்மேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பிறந்த வீட்டை விட்டுப் போகிறாள், அழுகிறாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அம்மா வந்து கூப்பிட்டாள். நான் சாப்பிட்டேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தான், கை கழுவிய ஈரத்தோடு. "இன்னா நீயும் ஆரம்பிச்சிட்டியா, வந்து சாப்புடு" என்று தலையில் குட்டினான். நான் சாப்பிட்டேன் என்றேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்றுவரை அவனிடம் சொன்னதில்லை. போன தடவை நாக்பூர் போனபோதும், நைனாவின் முட்டி வலி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்று அவன் பெருமூச்சு விட்டான்.

அண்ணன் போன பிறகு வெளியே கால் இழுபடும் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்றாவதாக யார் வர வேண்டும்? யாரால் மனசு நொந்ததோ அவர்தான் வர வேண்டும். நைனா எனக்கு ஒரு தப்பும் செய்ததில்லையே.

பின்னால் வந்து நின்றார். என் தலையில் கை வைத்தார்.

"நைனா, அண்ணன்கிட்ட நான்..." என்று ஆரம்பித்தேன்.

"எழுந்து வா" என்றார். "ஆறிப்போவுது."

எழுந்து போனேன். இலையில் சோறு ஆறித்தான் போயிருந்தது. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.